அத்திப்பால்

வெயில் உறைக்கத் தொடங்குமுன் தோட்டத்தை ஒழுங்கு பண்ணிவிட வேண்டும் என்று தையல்காரருக்கு அவசரம். சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுத்தார். எலுமிச்சையைச் சுற்றிச் சருகு பரப்பினார். அதோடு கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மூலையில் ஓர் இலைகூட இல்லாமல் நின்ற அத்திமரம் அவர் கண்ணை உறுத்தியது. குளிரில் மொட்டையாக நிற்கிற மரம்தான் அது. பட்டையை நகத்தால் கீறி, உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ரம்பத்தைத் தொட வேண்டும். மனைவி படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். பொறுமை இருந்தால்தானே! அடியோடு அறுத்துச் சாய்த்தார்.

வெட்டிய இடத்தில் வெள்ளை வெளேரென்று பால் கசிந்தது. செத்த மரத்தில் பால் ஏது? மண்ணை அள்ளி அடிக்கட்டையிலும் சாய்ந்த மரத்தின் வெட்டிலும் அப்பினார்.

ஐந்து வருடமாக அதை வளர்த்த மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள்.

"பட்டுப்போச்சு," என்றார்.

அவள் செம்பிலிருந்த தண்ணீரைப் பார்த்தாள். "என் தப்புதாங்க. குளிர்தானேன்னு தண்ணி விடாம இருந்துட்டேன். நானே காயவிட்டுட்டேன்."

"விடு, உன் தப்பு இல்ல."

செம்பை வாங்கக் கை நீட்டியவர் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். விரல்கள் பிசுபிசுவென்று ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.