பதினேழாம் பக்கத்தில் பத்துப் பேர்

டொலீடோவின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குக் கடந்த ஒன்பது வருடங்களில் ஏழு குவார்ட்டர்பேக்குகள் வந்து போனார்கள். பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று மூன்று விநாடிக்குள் முடிவு செய்து எறிகிற வேலை அது. ஏழு பேருக்கும் உயரம் இருந்தது, தோள் இருந்தது, டிவி கேமராவுக்குத் தோதான தாடையும் இருந்தது. ஏழு பேரும் மண்ணைக் கவ்வினார்கள். ஏன் இப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்ட நிர்வாகம் கடைசியில் கண்டுபிடித்துவிட்டது: பையன்களுக்கு ஈடுபாடு போதவில்லையாம். தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஏதாவது போதவில்லையா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களும் அவர்களேதான்.

ஆகவே இந்த வருடம், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகப் பொறுக்கி எடுக்கிற டிராஃப்டுக்கு முன்னால், ஈடுபாட்டை அளப்பது என்று முடிவாயிற்று. அளக்கும் பொறுப்பைப் பொது மேலாளர் டிரென்ட் மெக்காஸ்லின் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார். வயது நாற்பத்தொன்று. கால்பந்து ஆடியதில்லை, அதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார். "திறமைய எந்த முட்டாளும் வீடியோவுல பாத்துருவான். எனக்கு வேண்டியது நெஞ்சு" என்று சொல்லி, நெஞ்சை அளக்க நான்கு பக்கப் படிவம் ஒன்றைத் தயாரித்தார். பையன் கண்ணைப் பார்த்துப் பேசுகிறானா, எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறான், கட்டடத்துக்குள் முதலில் வருகிறவன் அவன்தானா, கடைசியில் போகிறவனும் அவன்தானா. வேறு எதிலாவது ஆர்வம் இருந்தால் மூன்று மதிப்பெண் கழிக்க வேண்டும். பெண் பார்க்கப் போகிற வீட்டில்கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள்.

லைல் கோவாக்ஸ் அந்தப் படிவத்தை வாங்கி, மடித்து, காரின் கதவுப் பையில் செருகிக்கொண்டார். அணியின் ஸ்கவுட்டுகளில் அவர்தான் மூத்தவர், வயது ஐம்பத்தெட்டு. இருபத்தாறு வருடமாக ஒஹாயோவிலிருந்து நெப்ராஸ்கா வரை கல்லூரி கல்லூரியாகக் கார் ஓட்டி, பெட்ரோல் பங்கில் விற்கிற ஹாட்டாக்கைத் தின்று, ஆட்டக்காரப் பையன்களைப் பற்றி அறிக்கை எழுதுகிறவர். எழுதியது ஆயிரக்கணக்கில் இருக்கும். அதில் எந்தப் பையனைப் பற்றியும் அவருக்கு முழு நிச்சயம் இருந்ததில்லை. 'வரலாம்', 'வாய்ப்புண்டு', 'பொறுத்துப் பார்க்கலாம்' என்று பூசி மெழுகியே காலத்தை ஓட்டிவிட்டார். இந்தத் தொழிலில் நிலைத்து நிற்க அது ஒரு வழி.

இந்த முறைதான் வாழ்க்கையில் முதல் தடவையாக நிச்சயம் வந்தது. அயோவாவில் ஒரு சின்னக் கல்லூரி. அங்கே மார்லன் டீக்ஸ் என்று ஒரு குவார்ட்டர்பேக். மண்ணியல் படிக்கிறவன். லைல் நாலு தடவை போய்ப் பார்த்தார். நாலாவது தடவை டீக்ஸ் விரல் உடைந்த கையோடு கடைசி பத்து நிமிடத்தில் பத்தொன்பது புள்ளி பின்தங்கிய ஆட்டத்தைத் திருப்பினான். ஆட்டம் முடிந்ததும் எதிரணிக்காரன் ஒவ்வொருவனும் எந்தத் தடவை எங்கே நின்றான் என்று வரிசையாகச் சொன்னான். மளிகைப் பட்டியலை ஒப்பிக்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான். லைலுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கல்லூரி உணவகத்தில் வைத்து, எந்த ஸ்கவுட்டும் சொல்லக் கூடாத ஒன்றை அன்று சொல்லிவிட்டார்.

"டிரென்ட் ரூம்ல உன்னப் பத்திப் பேச்சு வர்றப்ப, நான் உனக்காகப் பேசுவேன். இது என் வார்த்தை."

"அது போதும் சார்" என்றான் டீக்ஸ்.

வார்த்தை கொடுப்பது சுலபம். ஸ்கவுட்டுகளின் ஒப்பந்தம் வருடாவருடம் டிராஃப்ட் முடிந்த அடுத்த மாதம் தீர்ந்துபோகும். யார் தொடர்கிறார், யார் பெட்டியைக் கட்டுகிறார் என்பதை டிரென்ட் அப்போது சொல்வார். போன மே மாதம் மூன்று பேர் பெட்டியைக் கட்டினார்கள். லைலுக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. மனைவி நொரீனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அது அணி தருகிற காப்பீட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் முதல் வாரத்தில் இரண்டு பையன்களை ஒரே நாளில் தலைமையகத்துக்கு வரவழைத்தார்கள். ஒருவன் டீக்ஸ். மற்றவன் கோல்ட்டன் வாரிங். பெரிய பல்கலைக்கழகம், பெரிய பெயர், பெரிய கை. முந்தின நாள் மாலையே இருவருக்கும் தலைமைக் கோச் ஸ்டாடர்ட், யார் எங்கே நின்று எங்கே ஓடுவது என்று தன் கையால் வரைந்த முப்பது பக்க ஆட்டப் புத்தகத்தைக் கொடுத்தாயிற்று. காலை எட்டு மணிக்கு வந்து அதைப் பலகையில் வரைந்து காட்ட வேண்டும். அந்த அணியில் ஐந்து வருடமாக இதுதான் பரீட்சை, இதே முப்பது பக்கம்தான்.

வாரிங் விடியற்காலை நாலரை மணிக்கே வந்துவிட்டான். கதவு பூட்டியிருந்ததால் கார் நிறுத்துமிடத்தில், உறைபனிச் சேற்றில், காருக்குள் உட்கார்ந்திருந்தான். வாசல் காவலாளி இதை டிரென்ட்டுக்குச் சொல்ல, டிரென்ட் கோச்சுக்குச் சொல்ல, ஏழு மணிக்குள் கட்டடம் முழுக்கப் புல்லரித்துப் போயிற்று. வாரிங் அந்த நேரமெல்லாம் சீட்டைச் சாய்த்துப் போட்டுக் குறட்டை விட்டான் என்பதையும் காவலாளி சொன்னார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

டீக்ஸ் ஏழு ஐம்பதுக்கு வந்தான்.

"பத்து நிமிஷம் முன்னாடிதான் வர்றான்" என்றார் டிரென்ட், கடிகாரத்தைப் பார்த்து, யாரோ செத்துப் போன குரலில்.

"எட்டு மணிக்குதானே வரச் சொன்னோம்" என்றார் ஆர்ட்டி வோஜிக். மேற்கு மாநிலங்களுக்கான ஸ்கவுட். லைலைவிட மூன்று வயது இளையவர், வாய் மட்டும் மூத்தது.

"எட்டுங்கறது அதிகபட்சம் ஆர்ட்டி."

"அப்படியா? என் பொண்டாட்டியும் இதையேதான் சொல்லுவா."

முதலில் கேள்விகள். வாரிங்கிடம் டிரென்ட் கேட்டார்: "ஃபுட்பால் இல்லேன்னா என்ன பண்ணுவே?"

"செத்துருவேன் சார்."

கோச் ஸ்டாடர்ட் மேஜையைத் தட்டினார். டிரென்ட் படிவத்தில் முழு மதிப்பெண் போட்டார். இருபத்திரண்டு வயதுப் பையன் பந்து இல்லையென்றால் செத்துவிடுவேன் என்கிறான். உடனே ஒரு டாக்டரைக் கூப்பிட வேண்டியது. இவர்கள் கைதட்டினார்கள்.

டீக்ஸிடம் அதே கேள்வி.

"மண் பரிசோதனை வேலைக்குப் போவேன் சார். எனக்குப் பிடிக்கும்."

"பிடிக்குமா?"

"ஆமா சார். அயோவா மண்ணு ரொம்ப நல்லாருக்கும்."

மூன்று மதிப்பெண் கழிந்தது. டிரென்ட் பேனாவை அழுத்திய அழுத்தலில் அடுத்த பக்கத்திலும் கோடு விழுந்தது.

பிறகு பலகை. வாரிங் முப்பது பக்கத்தையும் ஒரு புள்ளி பிசகாமல் வரைந்தான். எதற்கு யார் எங்கே ஓடுகிறான் என்று கேட்டபோது கொஞ்சம் திணறினான்; ஆனால் வட்டங்களும் கோடுகளும் அச்சடித்த மாதிரி இருந்தன. கோச்சுக்குக் கண் கலங்கிவிட்டது.

டீக்ஸ் பதினாறு பக்கம் வரைந்தான். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னான். பதினேழாவது பக்கத்தில் சாக்பீஸை இறக்கிவிட்டான்.

"கோச், இதுல ஒரு சின்ன சந்தேகம்."

"கேளு."

"பத்துப் பேர்தான் இருக்காங்க. இடது கார்டு விட்டுப் போயிருக்கு."

பதினொரு பேர் ஆடும் ஆட்டம். இடது கார்டு என்பவன் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவராக நிற்கிறவன். கோச் ஸ்டாடர்ட் புத்தகத்தைப் பிரித்தார். உதடு அசைய எண்ணினார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"நானும் ரெண்டு தடவ எண்ணிப் பாத்தேன் கோச்" என்றான் டீக்ஸ் மரியாதையாக. "இப்படியே ஆடினா ஒரு செகண்ட்ல என் மேல ஏறி மிதிச்சுருவாங்க. ஆளச் சேத்து வரையட்டுமா, இருக்கறபடியே வரையட்டுமா?"

ஆர்ட்டி சிரிப்பை அடக்கப் போய் டோனட் புரையேறிற்று. ஐந்து வருடத்தில் நாற்பத்தொரு பையன்கள் அந்தப் பக்கத்தை வரைந்து காட்டியிருக்கிறார்கள். அறையிலிருந்த ஒன்பது பேரும் அதைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார்கள். லைலும் ஆட்டியிருக்கிறார். அவருக்கு ஒரே நேரத்தில் வெட்கமும் சந்தோஷமும் பொங்கிற்று. என் பையன், என்று நினைத்துக்கொண்டார்.

மதியம் பையன்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"அந்தப் பதினேழாம் பக்கம்" என்று கோச் தொண்டையைக் கனைத்தார், "வேணும்னே வெச்சது."

 ஆர்ட்டிதான் வாயைத் திறந்தார்.

"அப்ப அஞ்சு வருஷத்துல பாஸானவன் ஒருத்தன்தானே?"

"நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்ட" என்றார் டிரென்ட். பதில் தயாராக இருந்தது; அந்த மாதிரி பதில்களுக்குத்தான் அவருக்குச் சம்பளம். "அது நம்பிக்கைக்கு வெச்ச பரீட்சை. கோச் போட்ட பக்கத்தப் பையன் நம்பறானா இல்லையா? கோல்ட்டன் நம்பினான். இவன் எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கான்."

"எண்றது தப்பாய்யா?"

"கோச்சோட பக்கத்த எண்றவன் நாளைக்கு கோச்சையே எண்ணுவான்."

இதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஸ்கவுட்டும் பையனின் பெயரைச் சொல்லி, தான் கொடுக்கும் மதிப்பை உரக்கச் சொல்லி, தாளில் கையெழுத்துப் போட வேண்டும். ஏழுக்கு மேல் என்றால் முதல் சுற்றிலேயே எடு. ஆறுக்குக் கீழே என்றால் தொடாதே. டிரென்ட் வேண்டுமென்றே லைலிடம் ஆரம்பித்தார்.

"லைல், டீக்ஸுக்கு ஏழு புள்ளி ஒண்ணு போட்டிருக்கீங்க. இன்னிக்கும் அதானா?" பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். "உங்க ஈடுபாடு எந்தப் பக்கம்னு நானும் தெரிஞ்சுக்கணும் பாருங்க."

லைல் எழுந்தார். சொல்ல வேண்டியதை அயோவாவிலிருந்து வருகிற வழியெல்லாம் காரில் தனியாகச் சொல்லிப் பார்த்திருந்தார். பத்தொன்பது புள்ளி, உடைந்த விரல், இப்போது இந்தப் பதினேழாம் பக்கம், போதாதா? வாய் திறந்தது. நொரீனுடைய கை நினைவுக்கு வந்தது, ஊசி குத்திக் குத்திக் கறுத்துப் போன அந்த முழங்கை மடிப்பு.

"நேர்ல பாத்ததுக்கப்புறம்... கொஞ்சம் குறைக்கலாம்னு தோணுது."

"எவ்வளவு?"

"அஞ்சு புள்ளி எட்டு."

"காரணம்?"

"ஈடுபாடு" என்றார் லைல்.  கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்தது ஆர்ட்டி. டீக்ஸ் அவருடைய பகுதிப் பையன் அல்ல; அன்று காலைதான் முதல் தடவையாகப் பார்த்தார். பேசாமல் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

"ஏழு புள்ளி மூணு" என்றார். "ஒன்பது வருஷமா தோத்துக்கிட்டே இருக்கோம். கட்டடத்துல எண்ணத் தெரிஞ்சவன் ஒருத்தனாவது இருக்கட்டுமேய்யா."

யாரும் சிரிக்கவில்லை. உட்காரும்போது ஆர்ட்டி லைலை ஒரு தடவை பார்த்தார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் லைலுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

டிராஃப்டில் டொலீடோ முதல் சுற்றிலேயே வாரிங்கை எடுத்தது. நாலரை மணிக் கதையை டிரென்ட் பத்திரிகைக்காரர்களிடம் சொல்ல, ஊரே உருகிற்று. டீக்ஸ் மூன்றாம் நாள் வரை காத்திருந்தான். ஐந்தாவது சுற்றில் மேற்குக் கடற்கரை அணி ஒன்று போகிற போக்கில் எடுத்துக்கொண்டது. மே மாதம் இரண்டு ஸ்கவுட்டுகள் பெட்டியைக் கட்டினார்கள். அதில் ஆர்ட்டி ஒருவர். லைலுக்கு இரண்டு வருடத்துக்குப் புதுப்பித்தார்கள். அவருடைய ஈடுபாட்டைப் பாராட்டி டிரென்ட் கையால் எழுதிய குறிப்பு ஒன்றும் கூடவே வந்தது.

ஜூன் மாதம் ஒரு பகலில், நொரீனை மருத்துவமனையில் விட்டுவிட்டு வாகன நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருந்தபோது ஃபோன் வந்தது.

"சார், மார்லன் பேசறேன். தொந்தரவா?"

"இல்லப்பா, சொல்லு."

"என் ஏஜென்ட் இப்பதான் சொன்னார். உங்க ரூம்ல எல்லாரும் வேண்டாம்னப்ப, ஒரு மூத்த ஸ்கவுட் மட்டும் எனக்காக எந்திரிச்சுப் பேசினாராம். பேரு தெரியலயாம் அவருக்கு. எனக்கா தெரியாது?"

லைல் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். ஆர்ட்டி வோஜிக். சொன்னால் ஒரு விநாடி ஆகாது. ஆர்ட்டி இப்போது மச்சினன் கடையில் டயர் விற்றுக்கொண்டிருந்தார். இந்த ஃபோன் அவருக்குப் போயிருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

"வார்த்த குடுத்தேன்ல" என்றார் லைல்.

"தெரியும் சார். என்ன ஒண்ணு, அதனால உங்க வேலைக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னுதான் பயமா இருந்துச்சு."

"ஒண்ணும் ஆகல. புதுப்பிச்சுட்டாங்க."

"அப்பாடா" என்றான் பையன், மனசார. "எங்கம்மாகிட்ட உடனே சொல்லணும். உண்மையப் பேசினா வேல போயிரும்னு அவங்க எப்பவும் சொல்லுவாங்க. அப்படியில்லம்மா, டொலீடோவுல ஒருத்தர் இருக்கார்னு சொல்றேன்."

"சொல்லு" என்றார் லைல்.