நாடா கட்டிய மிதவை

யாங்பா கைப்பிடிக் கம்பிக்கு இரண்டாம் பூச்சு அடித்துக்கொண்டிருந்தான். கோத்தோ ஆற்றில் லாரிகளை ஏற்றி அக்கரை சேர்க்கும் அந்தப் பழைய இரும்பு மிதவை, நீல பெயின்ட் பட்டு, ஏறும் இடத்தில் திறப்புவிழா நாடா கட்டியதும் ‘புதிய மிதவை’ ஆகிவிட்டது. இயந்திரம் மட்டும் பழையபடியேதான். ஏறுகிற வண்டி தன் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தால்தான் அது இருமும். திறந்துவைக்க அமைச்சர் வருகிறார் என்று சாலையை விடியலிலேயே மறித்துவிட்டார்கள். பேட்டரி கொடுக்க வண்டியே இல்லை.

மாமரத்தடியில் பாயில் கிடந்தாள் அவன் மனைவி செலெஸ்தின். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று மருத்துவச்சி கைவிரித்திருந்தாள்.

“பொண்டாட்டிய விட அந்தக் கம்பியத்தான் பாத்துப் பாத்துத் தடவுற,” என்றாள் செலெஸ்தின், பல்லைக் கடித்துக்கொண்டு.

யாங்பா படகுத்துறை அதிகாரியிடம் போனான். “தோணி ஒண்ணு அவுத்து விடுங்க ஐயா.”

அதிகாரி டையைச் சரிசெய்தார். “தோணியெல்லாம் ஆத்து வளைவுக்கு அந்தாண்ட ஒளிச்சு வெச்சு போலீஸ் காவல் போட்டிருக்கு. தோணிக் காலம் முடிஞ்சுபோச்சுன்னுதான்யா அமைச்சர் பேசப்போறாரு. போட்டோவுல ஒன் தோணி வந்து நின்னா?”

“அப்ப மிதவைய எடுங்க.”

“பேட்டரி அமைச்சர் கார்லதான் வருது.”

மிதவையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த கூட்டாளி ஸிம்பி தலை தூக்கவில்லை. “பரவால்ல, அவரும் எதுக்கோ ஒதவுறாரு.”

மதியம் மழை இறங்கியது. தார்ப்பாய் ஒன்றுதான் இருந்தது. அதை ஈர பெயின்ட்டுக்கு மேலே கட்டச் சொன்னார் அதிகாரி. யாங்பா கட்டிவிட்டு வந்து, தன் சட்டையைச் செலெஸ்தின் முகத்துக்கு மேலே விரித்துப் பிடித்தான். அவள் பல்லைக் கடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

பொழுது சாயும்போது அதிகாரிக்குப் போன் வந்தது. எழுந்து நின்று பேசினார். அமைச்சரின் கார் சேற்றில் புதைந்து, தள்ளி எடுத்து, தலைநகருக்கே திரும்பிவிட்டதாம். அந்தச் சாலையையும் அவர்தான் திறந்துவைத்திருந்தார்.

சாலைத் தடுப்பை எடுத்தார்கள். முதலில் வந்த மரவள்ளி லாரிக்காரன் கேட்கும் முன்பே பேட்டரியைக் கழற்றினான். இயந்திரம் இருமியது. யாங்பாவும் ஸிம்பியும் பாயைத் தூக்கினார்கள். செலெஸ்தினின் கை வெளியே தொங்கியது. யாங்பா எடுத்து அவள் வயிற்றின் மேல் வைத்தான், மறுபடி சரிந்தது.

“நாடாவ அறுத்துராதீங்கப்பா,” என்றார் அதிகாரி. “அடுத்த வாரம் வர்றாராம்.”

இருவரும் குனிந்து, பாயைத் தாழ்த்தி, நாடாவுக்கு அடியில் நுழைந்தார்கள். தொங்கிய கை கம்பியில் இழுபட்டு, விரல்கள் நீலமாயின. பின்னாலேயே வந்த அதிகாரி தூரிகையை எடுத்து, விரல் பட்டு அழிந்த இடத்தைப் பூசிச் சரிசெய்தார்.