கத்திரி வெட்டிய தச்சர்

நண்பர்கள் அவனைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் துணியும் தைப்பதில்லை, முடியும் வெட்டுவதில்லை. பகலில் குளிர்சாதனப் பெட்டிக் கடையில் புகார் சொல்கிறவர்களுக்குப் போனில் சமாதானம் சொல்வான். வீட்டுக்கு வந்தால் ஜப்பானிய அனிமே தொடர்களை வெட்டுவான். வருடக்கணக்கில் ஓடும் தொடர்களில் மூலக் காமிக்ஸ் பின்தங்கிவிட்டால், தொலைக்காட்சிக்காரர்கள் சொந்தச் சரக்கைப் போட்டு ஒப்பேற்றுவார்கள். ரசிகர்கள் அதை ஃபில்லர் என்பார்கள். அதையெல்லாம் நறுக்கித் தள்ளி, கதையை மட்டும் கோத்து இணையத்தில் விடுவது மனித குலத்துக்குத் தான் செய்யும் தொண்டு என்று கத்திரி மனமார நம்பினான். மனித குலம் இதுவரை நன்றி சொன்னதில்லை. "சப்டைட்டில் தள்ளி வருது" என்று மட்டும் சொல்லியிருந்தது.

அவன் அக்காவின் கணவர் லாரி ஓட்டுகிறவர். சரக்கு இறக்கும்போது விழுந்து, இரண்டு காலும் முறிந்து படுத்தார். கால் ஒட்டிக்கொண்டு வந்தது, பேச்சுதான் நின்றுவிட்டது. இருக்கும் இடத்தையே கலகலப்பாக்குகிற மனிதர் சுவரைப் பார்த்தே கிடந்தார்.

"வந்து கொஞ்ச நேரம் அவர்கூட உட்காருடா. ஆமா, இல்லைங்கிறதைத் தவிர வாயே திறக்கலை. பயமா இருக்கு" என்று அக்கா போனில் அழுதாள்.

படுத்திருப்பவரிடம் என்ன பேசுவது? கத்திரிக்குத் தெரியாது. தான் பாதிக்கும் கீழே சுருக்கிய கடல்கொள்ளையர் தொடரைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு, வாசலோடு திரும்பினான். ஆறுதல் சொல்வதிலும் சுருக்கம்!

அதில் கப்பல் தச்சர் சாகும் பாகம் வரும்போது மட்டும் நேரில் போனான். அதைப் பார்த்து அழாத ரசிகன் இல்லை. மாமாவும் அழுவார், மனம் கரையும், வாய் திறக்கும், பெருமை தனக்கு வரும். திட்டம் அதுதான்.

தச்சர் செத்தார். கப்பலே கதறியது. கத்திரி மூக்கை உறிஞ்சினான். மாமா மெதுவாகத் திரும்பினார்.

"யாரு மாப்ள இந்த ஆளு?"

"தச்சர், மாமா!"

"ரெண்டு தடவை வந்து ஆணி அடிச்சாரே, அவரா? அதுக்கா அழறே?"

மறுபடி சுவர்.

கத்திரிக்குச் சுருக்கென்றது. தச்சரின் கூத்தெல்லாம் தான் வெட்டித் தள்ளிய ஃபில்லரில் இருந்தது. இவன் முழுச் சாப்பாட்டையும் தின்றுவிட்டு, பட்டினி கிடப்பவரிடம் ஏன் ஏப்பம் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் வெட்டிய பாகங்களோடு வந்தான். அவற்றை 'குப்பை' என்று பெயரிட்ட ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தான். வீசி எறியாமல் வைத்திருந்ததே ஆண்டவன் கருணை.

"ரொம்ப மட்டமா இருக்கும் மாமா. ஒழுங்கா வரையக்கூட மாட்டாங்க."

"போடு, பார்ப்போம்."

தச்சரின் கண்ணாடி காணவில்லை. கப்பல் முழுக்கத் தேடுகிறார்கள், கடலுக்குள்கூடக் குதிக்கிறார்கள். கண்ணாடியோ தச்சரின் நெற்றிமேல். கத்திரிக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

"நெத்தியில பாருய்யா!" என்று மாமா திரையைப் பார்த்துக் கத்தினார். அப்புறம் ஒரு செருமல். அப்புறம் கட்டில் குலுங்கக் குலுங்கச் சிரிப்பு. "எங்க கிளீனர் இப்படித்தான், சாவியை வாயில கவ்விக்கிட்டே லாரியைச் சுத்தி…" முடிக்க முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "இந்த மனுஷனா சாகப்போறாரு? அடப்பாவி, இவரையா வெட்டினே?"

சிரிப்புச் சத்தம் கேட்டு அக்கா ஈரக் கையோடு ஓடி வந்தாள். கணவர் முகத்தைப் பார்த்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆண்டவன் சில நேரம் மட்டமான பாகங்களின் வழியாகவும் வருவான் போலிருக்கிறது.

அடுத்த பாகம் தொடங்கியது. பழக்க தோஷத்தில் கத்திரியின் கை தொடக்கப் பாட்டைத் தாண்டப் போனது. மாமா அந்தக் கையில் ஒரு அடி வைத்தார்.

"பாட்டு ஓடட்டும். உனக்கு இப்ப எங்க போகணும்?"

கத்திரி யோசித்துப் பார்த்தான். எங்கும் போக வேண்டியதில்லை. நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டான்.

"தள்ளி உட்காருடா, மறைக்குது" என்றாள் அக்கா.