இடது கண்ணில் மஞ்சள்

"ஆளு முடிஞ்சிட்டாரு மச்சான்" என்று தையல்காரர் வாயை விட்டது இடைவேளையில். மீதிப் படத்தை மச்சான் நாலு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்து பார்த்தார். படம் விட்டதும் தனியாக பஸ் ஏறிப் போனார். அதன்பிறகு பேச்சுவார்த்தை இல்லை.

ஒரு சினிமாவுக்கா இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு இவர்கள் கதை தெரியாது. இருவரும் அறிமுகமானதே, முடிஞ்சிட்டார் என்று தையல்காரர் சொன்ன அந்த இயக்குநரின் பழைய படம் ஒன்றுக்கு டிக்கெட் வரிசையில் நின்றபோதுதான். அந்தப் பழக்கத்தில்தான் லாரி ஆபீஸ் குமாஸ்தாவான மச்சான், தன் தங்கையையே தையல்காரருக்குக் கட்டிக்கொடுத்தார். பையனிடம் என்ன இருக்கிறது என்று கேட்ட சொந்தக்காரர்களிடம், "ரசனை இருக்கு" என்றாராம். இயக்குநரின் படத்தில் வெயில் ஒரு தினுசாக விழும். சுவரோ, கதாநாயகி முகமோ, காலி டம்ளரோ, எதன்மேல் விழுந்தாலும் தேன் தடவின மாதிரி இருக்கும். இருவரும் தங்களுக்குள் அவருக்கு மஞ்சளார் என்று பெயர் வைத்திருந்தார்கள். எப்போது வைத்தார்கள் என்று இருவருக்குமே நினைவில்லை.

புதுப் படத்தில் அந்த மஞ்சளைக் காணோம். ஐஸ் பெட்டிக்குள் வைத்து எடுத்தது போல எல்லாம் வெளிறிக் கிடந்தது. மச்சானோ, பழைய வெயில் அப்படியே இருக்கிறது என்று சாதித்தார்.

நாலு நாள் கழித்து, பேன்ட் வாங்க வந்த மருந்துக்கடைக்காரனிடம் தையல்காரர் நியாயம் கேட்டார். அவனும் அந்த இயக்குநருக்காக உயிரை விடுகிறவன்தான்.

"மஞ்சளா? என்னண்ணே சொல்றீங்க! அவர் படம்னாலே அந்த லேசான நீலந்தானே? அதுக்காகத்தானே நாங்க போறோம்."

"பழைய படமெல்லாம்?"

"பழசும்தான்."

தையல்காரருக்குத் தலை சுற்றியது. இவன் வேறு யார் படத்தையோ சொல்கிறானா? மனைவியிடம் கேட்டால் சாட்சி கிடைக்கும் என்று வீட்டுக்குள் போனார். "கல்யாணமான புதுசுல பார்த்தோமே, அதுல வெயில் என்ன கலர்?"

"படத்தை நான் எங்கே பார்த்தேன்? பக்கத்துல நீங்களும் அண்ணனும் போட்ட கூச்சலைத்தான் பார்த்தேன்" என்றாள் அவள்.

கடைக்குத் திரும்பி, வெள்ளைச் சட்டை ஒன்றுக்கு நூல் தேடினார். போன மாதம்வரை வெள்ளைச் சட்டைகளுக்கெல்லாம் சந்தன நிற நூலைப் போட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். அதனால்தான் மகள் இழுத்துக்கொண்டு போய் வலது கண்ணுக்குப் புரை எடுக்க வைத்தாள். இடது கண்ணுக்கு நாளைக்கு. துணியைத் தூக்கிப் பிடித்து வலது கண்ணைப் பொத்தினார். துணி சந்தனமாக இருந்தது. இடது கண்ணைப் பொத்தினார். பளீரென்று வெள்ளை, ஓரத்தில் நீலம்கூட அடித்தது. மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்தார். காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று அடுத்தவனைத்தான் இத்தனை நாளும் கேலி செய்திருந்தார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்படியானால் இயக்குநர் முடிந்துபோகவில்லை. சரி, ஆனால் இத்தனை வருஷம் இவர் உருகியது யாருடைய வெயிலுக்கு? வாலிபத்தில், கண் நன்றாக இருந்தபோது, அது மஞ்சளாகத் தெரிந்ததா, நீலமாகவா? நினைவைத் தோண்டினால் அங்கேயும் மஞ்சள்தான் வந்து நின்றது. அதை நம்பவும் முடியவில்லை, விடவும் மனமில்லை.

சாயங்காலம் மச்சான் வீட்டு வாசலில் போய் நின்றார். டிவியில் இயக்குநரின் பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் தலையைத் திருப்பாமல் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார்.

"நான் சொன்னது தப்பு மச்சான். அவர் அப்படியேதான் இருக்கார்."

"இப்பவாவது புத்தி வந்துச்சே" என்றார் மச்சான். கோபம் அதற்குள் கரைந்துவிட்டது. "அந்தச் சுவரைப் பாரு மாப்ளே. தேன்! வேற எவன் எடுப்பான் இப்படி?"

தையல்காரர் பார்த்தார். ஒரு பழைய சாம்பல் சுவர் தெரிந்தது. பக்கத்தில் மச்சானின் முகம் அப்படி மலர்ந்திருந்தது. சொல்லிவிடலாமா என்று வாய் துடித்தது. சொல்லாவிட்டாலும் பாவம், இவர் கண்ணிலும் விழுந்திருக்கும் புரை முற்றினால் மனுஷன் படியில் தடுக்கி விழுவார்.

"மச்சான், ஒரு தடவை நீங்களும் கண் டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன். என்கூட நாளைக்கே வாங்க."

மச்சான் தொடையைத் தட்டிச் சிரித்தார். "என் கண்ணுக்கு என்னடா கேடு? உனக்குத் தெரியாத மஞ்சள்கூட எனக்குத் தெரியுது! நீ போய் முதல்ல அந்த இன்னொரு கண்ணையும் சரி பண்ணிக்கிட்டு வா. அப்புறம் முதல் படத்துலேர்ந்து எல்லாத்தையும் உட்கார்ந்து பார்ப்போம்."

"வரேன் மச்சான்" என்றார் தையல்காரர். வந்து என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. டிவியில் கதாநாயகி ஜன்னலைத் திறந்தாள். கண் கூசுவது போல வலது கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, படம் முடியும்வரை அவர் அந்த வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.