புரோபை எடுத்துட்டுப் போடுங்க

அத்தானைப் பழிவாங்க நான் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்ததே போதுமாயிற்று. அக்காவின் கணவர் என்பதால் அத்தான். லேபில் என் மேலதிகாரி.

அளவு பிசகாத ஒரு வோல்டேஜைத் தரும் போர்டு எங்களுடையது. அந்த சர்க்யூட்டுக்கு ஒரு கெட்ட குணம். சப்ளை கொடுத்ததும் 1.2 வோல்ட்டில் எழுந்து நிற்கும், இல்லாவிட்டால் பூஜ்யத்திலேயே படுத்துக் கிடக்கும். இரண்டும் அதற்குச் சுகம்தான். தட்டி எழுப்பவென்று நான் இரண்டு டிரான்சிஸ்டர் போட்டிருந்தேன். இடம் மிச்சம் என்று அத்தான் பிடுங்கிப் போட்டார்.

"எதுக்கும்மா இது? அது தானா எழுந்துக்கும்."

குளிரில் பத்துக்கு மூன்று எழவில்லை. வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்தன. 'சோதித்தவரின் கவனக்குறைவு' என்று அறிக்கை எழுதினார். சோதித்தவள் நான். லேபிலிருந்து தூக்கிவிட்டார்கள்; மூன்று மாதமாகப் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறேன்.

"விட்டுக்குடுடி, அவர் மானம் போயிடும்" என்றாள் அக்கா. என் மானம் என்ன தெருவிலா கிடந்தது?

இன்று வாடிக்கையாளர் அம்மாவே வந்துவிட்டார். தவறு என்னுடையதென்று முடிவானால் பேக்கிங் வேலையும் போகும். குளிர்பெட்டிக்குள் பத்து போர்டுகள். அத்தான் மீட்டரின் அளவு ஊசியான புரோபை ஒவ்வொன்றின் மேலும் வைத்தபடியே சுவிட்சைப் போட்டார். பத்திலும் பச்சை விளக்கு.

"பாத்தீங்களா மேடம்? டிசைன்ல குறையே இல்ல."

திரும்பி வந்த ஒன்றைச் சோதித்துப் பார்த்ததில் போன வாரமே எனக்குத் தெரியும். புரோப் வழியே நுழையும் துளி கரண்ட்தான் அதை எழுப்புகிறது. அவர் அளக்கும்போதெல்லாம் எழும், அவர் நகர்ந்தால் தூங்கும். யாரிடமும் சொல்லவில்லை. மனசுக்குள் வைத்துக்கொள்ள அவ்வளவு இனிப்பாக இருந்தது.

"புரோபை எடுத்துட்டுப் போடுங்க அத்தான்."

"அப்புறம் எப்படி அளக்கறதாம்?"

"விளக்கு எரியுதான்னு பாத்தா போதாதா?"

முதல் போர்டு எரிந்தது. இரண்டாவதும். அத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மூன்றாவது எரியவில்லை. அணைத்துப் போட்டார், மறுபடி அணைத்துப் போட்டார். அந்த அம்மா அவர் கையிலிருந்த புரோபை வாங்கித் தானே அதில் வைத்துப் போட்டார். எரிந்தது. புரோபை எடுத்துவிட்டு அணைத்துப் போட்டார். இருட்டு.

"எழுப்பிவிடற பகுதி எங்க? யார் எடுத்தது?"

வரைபடத்தை விரித்தேன். அந்த இரண்டு டிரான்சிஸ்டரையும் அடித்துவிட்டுப் போட்ட அத்தானின் கையெழுத்து அவ்வளவு அழகு.

வெளியே வந்ததும் அத்தான் என் பக்கம் திரும்பினார். "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

அக்கா அழுவாள். அழட்டும். பாக்கெட்டிலிருந்த, பெட்டி ஒட்டும் டேப் உருளையை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"எதுக்கு அத்தான்? தானா தெரிஞ்சுக்குவீங்கன்னு இருந்துட்டேன்."