யோசேப்பு கையெடுக்காத கூரை

இதில் ஒரு சொல் பொய்யென்றால், சொல்கிறவன் வாயில் கெட்டியாய் மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இந்த நிமிஷமே உதிரட்டும். நான்காவது ஒன்று ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிறது. அது விழுந்தால் இந்தக் கதை பொறுப்பல்ல.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஆடி மாதம் போடிநாயக்கனூருக்கு ஒரு பாய்மரப் படகு வந்தது. ஏலக்காய் வியாபாரி ராஜாராம் தூத்துக்குடியில் வாங்கிய பழைய படகு. போடிமெட்டு மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், அவருடைய எஸ்டேட்டில் ஓர் ஏரி உண்டு, அதில் விடுவதற்காம். நான்கு லாரிச் சக்கரம் பூட்டிய மரவண்டியில் அதை ஏற்றி, டிராக்டர் வைத்து மதுரை வழியாக இழுத்து வந்தார்கள். மலைச்சாலையின் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே டிராக்டரும் படகும் சேர்ந்து திரும்ப மறுத்துவிட்டன. மறுபடி இறக்கிக் கொண்டுவந்து ராஜாராமின் ஏலக்காய்க் களத்தில் நிறுத்தினார்கள்.

படகுக்குள் இரண்டு பேர் படுக்கிற அளவுக்கு ஓர் அறை இருந்தது. அதன் கூரையில் உள்பக்கமாக ஒட்டியிருந்த ரெக்சின் விட்டுப்போய், படுத்தால் மூக்கில் உரசும்படி தொங்கியது. அதைச் சரி செய்ய யோசேப்பைக் கூப்பிட்டார்கள்.

யோசேப்பு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜீப்புக்கு சீட்டும் மேல்துணியும் தைக்கிறவர். தைக்கிறவர் என்பதைவிடத் தைத்துக்கொண்டிருந்தவர் என்பது சரி. போன வருஷம் அவர் ஒட்டிக்கொடுத்த ஒரு ஜீப்பின் உள்கூரை, பதினாலு பேரோடு மலையிறங்கும்போது அப்படியே கழன்று டிரைவர் முகத்தில் விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து போடியில் ஒரு ஜீப்பும் அவர் கடைப்பக்கம் ஒதுங்கவில்லை.

“இதுவும் விழுந்துச்சுன்னு வைங்க, அடுத்த பஸ்சுல எங்கண்ணன் ஊரு தேவாரம்தான்” என்று அவர் மனைவி ஞானசெல்வி சொல்லிவிட்டாள். “அவரு காட்டுல பரண் காலியாத்தான் கெடக்கு. ஏறி உக்காந்து யானை வெரட்டுங்க.”

“யானைக்கு என்னைக் கண்டா பயமா இருக்குமாக்கும்?”

“ஒட்டுன துணியக் கையில எடுத்துட்டுப் போங்க. அது விழுறதப் பாத்து ஓடிரும்.”

யோசேப்பு படகில் ஏறினார். முதல் நாளே பழைய ரெக்சினைக் கிழித்தெடுத்தார். சொல்யூஷன் தடவி, புதுசை முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை சுருக்கமில்லாமல் ஒட்டினார். வெயில் ஏறியது. மத்தியானம் ஞானசெல்வி சோற்றுச் சட்டியோடு வந்து எட்டிப் பார்த்தபோது, உள்ளே ரெக்சினால் சுற்றிய ஒரு பெரிய பொட்டலம் உட்கார்ந்திருந்தது. பொட்டலத்துக்குள்ளிருந்து யோசேப்பு தலையை நீட்டினார்.

“நான் போய்த் துணிமணிய மூட்டை கட்டுறேன்” என்று திரும்பியவள் நின்றாள். “ஆமா, தலையெல்லாம் என்னங்க மஞ்சப்பொடி?”

யோசேப்பு தலையைத் தட்டிப் பார்த்தார். பழைய ரெக்சினுக்குப் பின்னால் மெத்தைபோல ஸ்பாஞ்சு வைத்திருந்தார்கள். வயதாகி அது பொடியாய் உதிர்ந்து, மரத்தின் மேல் மாவு பூசினமாதிரி அப்பியிருந்தது. அவர் ஒட்டியதெல்லாம் மரத்தில் இல்லை, மாவில். அந்த ஜீப்பிலும் இதே மஞ்சள் மாவுதான். ஒரு வருஷமாக ஊரே அவர் கையைக் குற்றம் சொன்னது, அவரும் நம்பியிருந்தார்.

இரண்டு நாள் மல்லாந்து படுத்துத் தகட்டால் சுரண்டினார். மரம் பளிச்சென்று தெரிந்த பிறகுதான் மறுபடி சொல்யூஷன் டப்பாவைத் திறந்தார். ஒட்டிவிட்டால் மட்டும் போதாது. இரண்டு மணி நேரம் எல்லா இடத்திலும் ஒரேமாதிரி அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்குப் போடிக்காரனுக்குத் தெரிந்த ஒரே வழி மூட்டை. ராஜாராமின் ஜீப்பு டிரைவர் சோணை ஏலக்காய் மூட்டைகளைக் கொண்டுவந்து, லாரியில் லோடு அடுக்குகிறமாதிரி கூரை முட்டும்வரை அடுக்கினான். ஏலக்காய் மூட்டை மெத்தென்று துணியைத் தாங்கிக்கொண்டது. நடுவில் ஒரு மூட்டை மட்டும் குறைந்தது.

“குடோன் சாவி மொதலாளிகிட்ட இருக்குண்ணே.”

“சாவி வர்றதுக்குள்ள இது காஞ்சிரும். நானே படுத்துக்கிறேன். நீ வாசல்ல ரெண்டு மூட்டைய வச்சு அடைச்சிரு” என்று யோசேப்பு அந்த இடைவெளியில் நுழைந்து, இரண்டு உள்ளங்கையையும் இரண்டு உள்ளங்காலையும் துணியில் வைத்து அழுத்தினார்.

இங்கேதான் மூன்று காரியம் ஒன்றாய் நடந்தது. முந்தின நாள் தூறலில் நனைந்த படகுப் பாயை, காயட்டும் என்று கம்பத்தில் ஏற்றியிருந்தார்கள். வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை, கொட்டைப்பாக்கு நசுக்கச் சோணை எடுத்திருந்தான். அப்போது மெட்டிலிருந்து ஆடிக்காற்று இறங்கியது.

“அண்ணே! படகு நகருதுண்ணே!”

“எங்கடா நகருது?”

“மேல!”

எதிர்க்காற்றில் படகு எப்படி மேலே போகும் என்று கேட்கிறவர்கள் கடற்கரைக்காரர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பாய்மரம் எதிர்க்காற்றில் நேரே போகாது. இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, திரும்பி அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, குறுக்கும் மறுக்குமாகத்தான் முன்னேறும். போடிமெட்டுச் சாலையைப் போட்டவன் அதே கணக்கில்தான் போட்டு வைத்திருக்கிறான். டிராக்டருக்குப் பிடிபடாத வளைவு படகுக்குப் பிடிபட்டுவிட்டது. சோணை ஓடிப்போய்ச் சுக்கானைப் பிடித்துத் தொங்கினான்.

“அண்ணே, குதிச்சிருங்க! மூட்டையத் தள்ளிட்டு வெரசா குதிங்க!”

குதிக்கலாம்தான். குதித்தால் கை எடுக்க வேண்டும். கை எடுத்தால் துணி விழும். துணி விழுந்தால் தேவாரம்.

“எத்தனை மணிடா?”

“மூணே கால்ண்ணே!”

“அஞ்சு மணி வரைக்கும் என்னைக் கூப்புடாத.”

படகு ஏறியது. மூட்டை இடுக்கு வழியாக யோசேப்பின் இரண்டு பக்கமும் தட்டளவு கண்ணாடி ஜன்னல் ஒவ்வொன்று தெரிந்தது. இடது ஜன்னலில் பாறை ஓடியது; வலது ஜன்னலில் ஒன்றுமே இல்லை, வெறும் ஆகாசம். ஒரு வளைவு வந்தது. மேலே பாய் படாரென்று புரள, பாறை வலது பக்கம் போயிற்று, ஆகாசம் இடது பக்கம் வந்தது. மூக்கு அரித்தது. சொரியக் கை இல்லை.

ஏழாவது வளைவில் மேகம் உள்ளே வந்தது. மூட்டைகள் ஈரத்தை உறிஞ்சி மெல்லப் பருத்து, அவரைத் தூக்கிக் கூரையோடு சேர்த்தன. ஏலக்காய் மணம் நெஞ்சு முட்ட ஏறியது. மேகம் விலகியபோது ஜன்னலுக்குக் கீழே போடி கிடந்தது, களத்தில் யாரோ ஒரு கைப்பிடி காயை உதறிவிட்டுப் போனமாதிரி. அவர் பிறந்த தெரு, கல்யாணம் நடந்த கோயில், ஒரு வருஷமாக அவரைப் பார்த்துச் சிரித்த பஸ் ஸ்டாண்டு எல்லாம் அந்தக் கைப்பிடிக்குள் இருந்தன. துணிக்கு மறுபக்கம் மரம் அதிர்வது உள்ளங்கையில் தெரிந்தது. பெரிய மிருகம் ஒன்று அவரைத் தன் விலாவுக்குள் வைத்துக்கொண்டு மூச்சு விடுவதுபோல இருந்தது. யோசேப்பு கடல் பார்த்ததில்லை. அதன் ஆளான இந்தப் படகைத்தான் தாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று மட்டும் தோன்றியது. பயம் வரவேண்டிய இடத்தில் கண்ணீர் வந்தது. துடைக்கவும் கை இல்லை.

பதினேழாவது வளைவும் முடிந்தது. கேரளச் செக்போஸ்டில் காவலர் குறுக்குக் கம்பை இறக்கினார்.

“எந்தா லோடு?”

“ஏலக்கா சார்.”

“ஏலக்கா மேலோட்டோ?” மலையிலிருந்து இறங்கும் ஏலக்காயைத்தான் அவர் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பார்த்திருக்கிறார். “உள்ளே வேறெந்தா?”

“யோசேப்பு அண்ணே.”

“ஆளா? எறங்கச் சொல்லு.”

உள்ளிருந்து குரல் வந்தது. “சார், அஞ்சு மணிக்கு எறங்குறேன்.”

காவலர் பாயைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். கம்பு தானாக உயர்ந்தது என்று சொல்வார்கள், அது பொய். அவர்தான் உயர்த்தினார்.

ஐந்து மணிக்குப் படகு ஏரியில் இறங்கி, மூன்று தரம் ஆடி நின்றது. சோணை மூட்டைகளை இழுத்து வெளியே போட்டான். யோசேப்பு காலை எடுத்தார். ஒரு கையை எடுத்தார். மறு கையில் விரல் விரலாக எடுத்துச் சுண்டுவிரலை மட்டும் வைத்திருந்தார். பிறகு அதையும் எடுத்தார்.

துணி அப்படியே நின்றது. ஒரு சுருக்கம் இல்லை.

கடைசி பஸ்சில் ஞானசெல்வி வந்து இறங்கினாள், தேவாரத்துக்குக் கட்டிய மூட்டையோடு. படகுக்குள் ஏறி, கூரையை ஒரு விரலால் குத்தினாள். பிறகு ஐந்து விரலாலும் குத்தினாள். அப்புறம் மூட்டையைக் கீழே வைத்து, முடிச்சை அவிழ்த்தாள்.

“யானை பொழச்சுச்சு” என்றாள்.

மறுநாள் ராஜாராம் ஏரிக்கரையில் படகைப் போட்டோ எடுத்து, யோசேப்புக்கு ஒன்று கொடுத்தார். அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிய வாரமே ஐந்து ஜீப்பு வரிசையில் நின்றது. இன்றும் போகிறவர்கள் பார்க்கலாம். தெளிவான போட்டோ, ஏரி தெரிகிறது, கம்பம் தெரிகிறது, படகின் உள்ளே வைத்த சோற்றுச் சட்டிகூட மேலிருந்தே தெரிகிறது. அது திறந்த படகு. அறையும் கிடையாது, கூரையும் கிடையாது.