எட்டு மாதச் சத்தியம்

சவப்பெட்டிக்காரர்கள் இறுகக் கட்டிவிட்டிருந்த டையை நவமணி இரண்டு விரல்களால் மெல்லத் தளர்த்திக்கொண்டிருந்தாள். இருபத்தாறு ஆண்டுகளாக ஈப்போவின் சந்தைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் வேனில் தவ்கே எனப்படும் முளைப்பயறு கொண்டுபோய்ச் சேர்த்த அவளுடைய கணவர் லூர்துசாமி, திருமண நாளைத் தவிர வேறெந்த நாளிலும் டை கட்டியவர் அல்லர்.

"விடுங்கக்கா, மாப்பிள்ள மாதிரி இருக்காருலா," என்றாள் பக்கத்து வீட்டு முத்தம்மா. "கல்யாணத்தன்னைக்குக்கூட இம்புட்டு அழகா இருந்திருக்க மாட்டாரு."

நவமணிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அந்நேரத்தில்தான் கனகராஜ் ஒரு தாளுடன் வந்து அருகில் அமர்ந்தார். தேவாலயத்தின் மதுவிலக்குக் குழுவுக்கு அவரே தலைவர். பிற்பகல் திருப்பலியின் முடிவில் லூர்துசாமியைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும் பொறுப்பையும் அவரே ஏற்றிருந்தார்.

"தங்கச்சி, ஒரு தடவ கேட்டுடுங்க. தப்பு இருந்தா மாத்திடலாம்."

தாழ்ந்த குரலில் வாசித்தார். பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தது, தோட்டம் விற்கப்பட்டதும் ஈப்போவுக்கு வந்தது, ஒரே மகள் ட்ரேசியைப் படிக்க வைத்தது எல்லாம் முறையாக வந்தன. "'மாதாவின் முன் செய்த சத்தியத்தைக் காப்பாற்றி, கடைசி எட்டு மாதங்கள் ஒரு சொட்டு மதுவும் தொடாமல், குடியை வென்றவராக நம்மை விட்டுச் சென்றார்.' சரியா இருக்காம்மா?"

நவமணி டையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

சென்ற ஆண்டு அவருக்குப் பகல் தூக்கம் மிகுந்தது. பேச்சு குழறியது, கால் தடுமாறியது. ஆண்டுக்கணக்காக ஓட்டிய சாலையிலேயே ஒரு நாள் வழி தெரியாமல் வேனை நிறுத்திவிட்டு அமர்ந்திருந்தார். முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். இவை அனைத்தையும்விட அவர் வாயிலிருந்து வீசிய வாடைதான் நவமணியைக் கலங்கடித்தது. இனிப்பும் புளிப்புமான வாடை. சிறுமியாக இருந்தபோது அவளுடைய தந்தை தோட்டத்துக் கள்ளுக்கடையிலிருந்து அந்த வாடையோடுதான் வீடு திரும்புவார். ஆகவே அவளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அவர் குடிக்கிறார் என்று அக்கம்பக்கத்திலும் கனகராஜிடமும் அவளே சொல்லி அழுதாள்.

"நான் தொடலமா," என்று நான்கைந்து முறை சொன்னார் லூர்துசாமி. அதன்பின் சொல்வதை நிறுத்திக்கொண்டார். அவள் அழுது அழைத்தபோது மறுப்பேதும் சொல்லாமல் தேவாலயத்துக்கு வந்து, கனகராஜ் சாட்சியாக நிற்க, பைபிளின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

வாடை மட்டும் போகவில்லை. சத்தியத்தை மீறிவிட்டார் என்று எண்ணி, அதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, அவள் மாதக்கணக்கில் அவரோடு சரியாகப் பேசவுமில்லை.

ஆறு வாரங்களுக்கு முன் அவர் குளியலறையில் விழுந்தார். மருத்துவமனையில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். இளம் பெண் டாக்டர் கணினியைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிறத்தில் விரிந்திருந்த மூளையின் நடுவே, இரு பக்கமும், வெள்ளையாய் இரண்டு திட்டுகள்.

"கல்லீரல் ரொம்ப நாளா கெட்டுப்போயிருக்கு, ஆண்ட்டி. பழைய ஹெப்படைட்டிஸ் கிருமி, சின்ன வயசுலயே வந்திருக்கலாம். ஈரல் சுத்தம் பண்ண வேண்டியதெல்லாம் ரத்தத்துல தங்கி மூளைக்குப் போகுது. அதனாலதான் தடுமாற்றம், மறதி எல்லாம்."

"அந்த வாடை, டாக்டர்?"

"அதுவும் ஈரல் நோயாலதான்."

வீடு திரும்பும்போது ட்ரேசி காரை ஓட்டினாள். நவமணி பின்னிருக்கையிலிருந்து கேட்டாள்: "பெறகு எதுக்குங்க சத்தியம் செஞ்சீங்க?"

அவருக்குச் சொற்கள் தாமதமாகவே வரும் காலம் அது. இரண்டு சாலைகள் கடந்த பின்னர் சொன்னார்.

"நீ பொய் சொல்ல மாட்டியே, நவமணி. குடிச்சிட்டு நாந்தான் மறந்துட்டேன்போலன்னு நெனச்சேன்."

சிக்னலில் பச்சை விழுந்தும் ட்ரேசி காரை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன்கள் அலறின.

"தங்கச்சி?" என்றார் தாளோடு காத்திருந்த கனகராஜ்.

"அண்ணே, அவரு குடிச்சதே இல்ல."

கனகராஜ் கனிவோடு தலையசைத்தார். "புரியுதும்மா. போனவங்கள குறை சொல்லக் கூடாது. ஆனா இது குறை இல்லலா, பெருமை. இன்னும் நாலு பேரு கேட்டுத் திருந்துவாங்க."

"ஸ்கேன்ல இருந்துச்சுண்ணே. ஈரல் நோயி, மூளைக்கு ஏறிடுச்சு."

"ஈரல் எதனாலம்மா கெடும்?" என்று அவர் மிக மென்மையாகக் கேட்டார்.

முத்தம்மா அவள் தோளை அணைத்துக்கொண்டாள். "புருசன் செத்தும் அவர விட்டுக் குடுக்க மாட்டேங்குறாங்க பாருங்க. இருந்தா இப்படி இருக்கணும்."

சுற்றியிருந்த பெண்கள் நவமணியை மதிப்போடு பார்த்தார்கள். சொல்ல வேண்டிய வாக்கியம் இன்னும் ஒன்று இருந்தது. நான்தான் அவரைக் குடிகாரர் என்று ஊருக்குச் சொன்னேன் என்பது அது. அத்தனை மதிப்பான பார்வைகளுக்கு நடுவில் அதைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. கனகராஜ் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

திருப்பலியில் அவர் அந்த வரியைச் சற்று நிறுத்தி, அழுத்தம் கொடுத்து வாசித்தார். பின்வரிசையிலிருந்து யாரோ "ஆமென்" என்றார்கள். நவமணி பெட்டியைப் பார்த்தாள். மூடியாகிவிட்டது. தன் காதால் கேட்டு மறுக்க உள்ளே ஒருவரும் இல்லை. இருந்திருந்தால், இதையும் நம்பியிருப்பார்.

குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்ல ட்ரேசி எழுந்தாள். நவமணி மகளின் கையைப் பற்றினாள்.

"நான் போறேன்."

"என்னமா சொல்லப் போற?"

"நடந்தத."

ட்ரேசி குனிந்து கிசுகிசுத்தாள். "மா, வேணாம்லா. எல்லாரும் இனி உன்னத்தான் பேசுவாங்க."

"பேசட்டும்."

பெட்டியைச் சுற்றிக்கொண்டு அவள் மேடைக்கு நடந்தாள். இதுவரை அந்தப் படிகளில் பூச்சாடி வைப்பதற்கு மட்டுமே ஏறியிருக்கிறாள். மைக் கனகராஜின் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. உதவிக்கு எழுந்த அவரை, உட்காருங்கள் என்று கையால் பணிவாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு இரு கைகளாலும் மைக்கின் கழுத்தைப் பிடித்துத் தன் வாய்க்கு நேராக வளைத்தாள். ஒலிபெருக்கிகள் கீச்சென்று அலறின. குழந்தைகள் காதுகளைப் பொத்திக்கொண்டார்கள்.

அந்த ஒலி முழுவதும் அடங்கும்வரை அவள் காத்து நின்றாள்.